வண்டியில் பெரியவருக்கு இடம் உண்டா? ஓண விடுமுறைக்கு ஒரு பயணப் படம்

கேள்வி:

நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் நான், கணவர், 72 வயதான மாமியார், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் என ஐந்து பேர். ஓண விடுமுறையில் வேன் எடுத்துக்கொண்டு பழனி, மதுரை வழியாக ராமேசுவரம் போய்வரலாம் என்றிருக்கிறோம். அத்தை மட்டும் வர மறுக்கிறார். அவருக்கு மூட்டுவலி, குந்தி உட்கார முடியாது, போதாக்குறைக்கு நாட்பட்ட மலச்சிக்கல். 'வழியில் நான் எங்கே போவேன்? என்னால் உங்கள் எல்லோருக்கும் தொல்லை' என்று ஒரே பிடியாக இருக்கிறார். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, குடும்பமாகப் பயணம் போகும் நகைச்சுவைப் படம் ஒன்றைப் பார்த்தால் அவர் மனம் இளகும் என்று எனக்குத் தோன்றுகிறது. மகன் 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' என்ற ஆங்கிலப் படத்தைச் சொல்கிறான். குடும்பப் பயணப் படங்களின் பட்டியல் எதை எடுத்தாலும் அது இருக்கிறதாம். பழைய தமிழ்ப் படம் ஒன்று போதும் என்கிறார் கணவர். பிள்ளைகளையும் அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெளியாமல் பார்க்கக்கூடிய படம் எது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடையை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். நீங்கள் ஐவரும் சேர்ந்து உட்காரப் போகும் அந்த ஒரு நாளுக்கு நான் பரிந்துரைப்பது, 2015-ஆம் ஆண்டு வெளிவந்த 'பிக்கு' என்னும் இந்திப் படம். உங்கள் மகன் சொல்லும் படம் அருமையானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் எட்டு வயதுக் குழந்தையையும் எழுபது கடந்த பெரியவரையும் ஒரே பாயில் உட்கார வைத்துக்கொண்டு பார்ப்பதற்கான படம் அது அன்று. பட்டியல் போடுகிறவர்கள் அதைக் குடும்பப் படம் என்று எழுதுவதற்குக் காரணம், அது ஒரு குடும்பத்தைப் பற்றிய கதை என்பதுதான். குடும்பத்தைப் பற்றிய படமெல்லாம் குடும்பத்தோடு பார்க்கும் படம் ஆகிவிடாது.

பள்ளிகளிலும் கிராமத்து நூலகங்களிலும் திரைப்பட ரசனை வகுப்பு நடத்துவது என் தொழில் என்பதால், இந்த வகைப் படம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விளக்க அனுமதியுங்கள். வீட்டில் சண்டை வந்தால் ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய்விடலாம், இன்னொருவர் சமையலறைக்குள் நுழைந்து பாத்திரத்தை உருட்டலாம், பையன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஓடும் வண்டிக்குள் அந்த வசதி யாருக்கும் இல்லை. அடுத்த ஊர் வரும் வரை எல்லோரும் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதே சமயம் எல்லோருடைய முகமும் சாலையைப் பார்த்துத் திரும்பியிருப்பதால், நேருக்கு நேர் சொல்லக் கூசும் பேச்சையெல்லாம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே சொல்லிவிட முடிகிறது. திரைக்கதை எழுதுகிறவருக்கு இதைவிட வாய்ப்பான மேடை கிடையாது. பயணத்தில் பழுதாகும் வண்டியும், தவறவிடும் திருப்பமும், கெட்டுப்போன வயிறும் வெறும் தொந்தரவுகளாகத் தோன்றினாலும், ஒருவரை ஒருவர் நம்பியே ஆகவேண்டிய நிலைக்கு எல்லோரையும் கொண்டுவருவன அவையே.

'லிட்டில் மிஸ் சன்ஷைன்' 2006-இல் வந்தது. ஜோனதன் டேட்டன், வாலரி ஃபாரிஸ் என்ற கணவனும் மனைவியும் சேர்ந்து இயக்கியது. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரிலிருந்து கலிபோர்னியாவின் ரெடோண்டோ பீச்சில் நடக்கும் சிறுமியர் அழகுப் போட்டிக்கு, ஒரு பழைய மஞ்சள் வோக்ஸ்வாகன் வேனில் ஆறு பேர் போகிறார்கள். வழியில் கிளட்ச் போய்விடுகிறது. புது உதிரிபாகம் கிடைக்க நாளாகும் என்பதால், நின்ற வண்டியை எல்லோரும் தள்ளி வேகம் கூட்டி, ஓடும்போதே ஒவ்வொருவராகப் பக்கவாட்டுக் கதவுக்குள் தாவி ஏற வேண்டியதாகிறது. முதல் முறை முட்டி மோதிக்கொண்டு தடுமாறுகிறவர்கள், போகப் போக யார் முன்னால் ஏறுவது, யார் கை கொடுப்பது என்பதைப் பேசாமலே பழகிக்கொள்கிறார்கள். அந்தக் குடும்பம் ஒன்றுபட்டுவிட்டது என்று யாரும் வசனம் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. மைக்கேல் ஆர்ண்ட் எழுதிய அந்தத் திரைக்கதைக்கும், தாத்தாவாக நடித்த ஆலன் ஆர்கினுக்கும் ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன.

எனினும் அந்தத் தாத்தா ஹெராயின் எடுப்பவர். அதனாலேயே வழியில் தங்கும் விடுதியில் இறந்துபோகிறார். போட்டிக்கு நேரமாகிவிடுமே என்று, மருத்துவமனையிலிருந்து அவருடைய உடலை ஜன்னல் வழியே கடத்தி வேனில் ஏற்றிக்கொண்டு குடும்பம் பயணத்தைத் தொடர்கிறது. ஆபாசப் பத்திரிகை ஒன்றைச் சுற்றியும் நகைச்சுவை வருகிறது. பேச்சு முழுவதும் கெட்ட வார்த்தைகள் விரவிக் கிடக்கின்றன. அமெரிக்காவில் அதற்கு 'ஆர்' சான்றிதழ். அதாவது 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெற்றோரோ காப்பாளரோ உடனிருந்தால்தான் திரையரங்கில் பார்க்கலாம். உங்கள் மகன் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அதில் அவன் வயதுப் பையன் ஒருவன் விமானப்படையில் சேரும் வரை பேசுவதில்லை என்று சபதம் எடுத்திருப்பான். தனக்கு நிறக்குருடு இருப்பது ஓடும் வண்டிக்குள் தெரியவரும்போது வேனை நிறுத்தச் செய்து, சரிவில் இறங்கி ஓடி, வெடித்துக் கத்துவான். அம்மா கூப்பிட்டும் வரமாட்டான். குட்டித் தங்கை போய்ப் பக்கத்தில் குந்தி, ஒரு வார்த்தை பேசாமல் அவன் தோளில் கைபோட்டுத் தலையைச் சாய்த்துக்கொள்வாள். அவன் எழுந்து வந்துவிடுவான். பதினைந்து வயதில் அந்தக் காட்சி மனத்தைத் தொடாமல் இருக்காது. அவன் பள்ளிப் படிப்பை முடித்ததும் நீங்களும் கணவரும் அவனும் மட்டும் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள்.

இனி உங்கள் கடிதத்தின் மையத்துக்கு வருகிறேன். அத்தையின் மனம் இளக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் காட்சிகள் கண்ணியமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு, வண்டியில் உட்கார்ந்திருக்கும் மூத்தவரைப் படம் எப்படி நடத்துகிறது என்றும் பார்த்தாக வேண்டும். இந்த வகைப் படங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. 1983-இல் வந்து, அமெரிக்கக் குடும்பப் பயண நகைச்சுவைக்கு முன்மாதிரியாகவே ஆகிவிட்ட 'நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன்' படத்தில், சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கேளிக்கைப் பூங்கா பார்க்கப் போகும் குடும்பத்தின் தலையில் வழியில் ஒரு கிழவி கட்டப்படுகிறார். சிடுசிடுத்துக்கொண்டே வருகிற அவர் காரிலேயே இறந்துபோக, உடலைக் காரின் கூரைமேல் சாமான்களோடு கட்டிக்கொண்டு போகிறார்கள். திரையரங்கு அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த மஞ்சள் வேன் படம் எவ்வளவோ கனிவானது என்றாலும், அதிலும் பெரியவர் பாதி வழியில் சடலமாகிவிடுகிறார். பெரியவர் என்றால் முதலில் சுமை, பிறகு பிணம் என்ற இந்த வாய்பாட்டை, 'என்னால் உங்களுக்குத் தொல்லை' என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் முன்னால் ஓட்டிக் காட்டுவது அவருடைய பயத்துக்குச் சாட்சி சொல்வதாகிவிடும். சிறுவர்களுக்கான நல்ல பயணப் படங்களோ பெரும்பாலும் வண்டியில் பாட்டி தாத்தாவையே ஏற்றுவதில்லை.

'பிக்கு' இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்கிய படம். டெல்லியில் கட்டிடக் கலைஞராக வேலை பார்க்கும் வங்காளிப் பெண் பிக்குவாகத் தீபிகா படுகோன். அவளுடைய எழுபது வயது அப்பா பாஸ்கோர் பானர்ஜியாக அமிதாப் பச்சன். அப்பாவுக்குத் தீராத மலச்சிக்கல். காலையில் என்ன ஆயிற்று, எவ்வளவு ஆயிற்று, என்ன நிறத்தில் ஆயிற்று என்பதுதான் அந்த வீட்டின் அன்றாடத் தலைப்புச் செய்தி. மகள் அலுவலகக் கூட்டத்தில் இருந்தாலும் சரி, ஓர் ஆணோடு உணவகத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, அந்தச் செய்தி தொலைபேசியில் துரத்தி வரும். கொல்கத்தாவில் இருக்கும் பூர்வீக வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பும் அப்பா, வயிற்றை முன்னிட்டுக் காரில்தான் போவது என்று முடிவு செய்கிறார். டெல்லியிலிருந்து கொல்கத்தா ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். பிக்குவின் வாய்க்குப் பயந்து டாக்சி ஓட்டுநர்கள் யாரும் வர மறுப்பதால், டாக்சி நிறுவனத்தின் முதலாளியான இர்ஃபான் கானே ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதாகிறது. அப்பா, மகள், வேலையாள், முதலாளியான ஓட்டுநர் என்று நால்வர் உள்ளே. காரின் மேல்தட்டில், ஊர் முழுக்கப் பார்க்கும்படி, அப்பாவின் கழிப்பறை நாற்காலி.

அந்த நாற்காலியை அத்தை பார்க்கும்போது என்ன நினைப்பார் என்று உங்களுக்குத் தயக்கம் வரலாம். படத்தைப் பலமுறை பலரோடு பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பெரியவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள். காரணம், பாஸ்கோர் யாருடைய இரக்கத்துக்கும் காத்திருப்பவர் அல்லர். அந்தப் பயணத்தின் அதிகாரி அவர். எப்போது கிளம்புவது, எங்கே நிறுத்துவது என்பதை அவருடைய வயிறு தீர்மானிக்கிறது. மற்ற மூவரும் முணுமுணுத்துக்கொண்டே கட்டுப்படுகிறார்கள். தன் உடம்பைப் பற்றிப் பேச அவர் வெட்கப்படுவதே இல்லை என்பதால், பார்க்கிறவர்களுக்கும் வெட்கம் கழன்றுபோகிறது. நம் வீடுகளில் குழந்தையிடம் 'வெளிக்குப் போனாயா' என்று ஊருக்கே கேட்கும்படி கேட்கிறோம். அதே கேள்வியைப் பெரியவரிடம் கேட்க நேர்ந்தால் குரலைத் தாழ்த்திக் கதவோரம் நிற்கிறோம். குரலைத் தாழ்த்துவதால்தான் அது அவமானமாகிறது. வழியில் ஓரிடத்தில் இர்ஃபான் கான், மேல்நாட்டுக் கழிப்பறையில் உட்கார்வதற்கும் நம் ஊர் முறையில் குந்துவதற்கும் குடலில் என்ன வேறுபாடு என்பதைப் படம் வரைந்தே பெரியவருக்கு விளக்குவார். ஒரு பொறியாளர் பாலத்தைப் பற்றிப் பேசும் அக்கறையோடு அவர் பேசுவதும், அதைப் பெரியவர் ஐயத்தோடு கேட்டுக்கொள்வதும் அந்தக் காட்சியை எந்த அருவருப்பும் இல்லாமல் காப்பாற்றிவிடுகின்றன. உங்கள் மகள் அந்த இடத்தில் உருண்டு புரண்டு சிரிப்பாள் என்பதற்கு நான் உத்தரவாதம்.

பாஸ்கோரைப் படம் புனிதராக்கவும் இல்லை. அவர் தன்னலக்காரர். மகளுக்குத் திருமணமாகிவிட்டால் தன்னைக் கவனிக்க ஆள் இருக்காது என்ற பயத்தை, பெண் விடுதலை பற்றிய பெரிய பேச்சுக்குள் ஒளித்து வைத்திருப்பவர். எதற்கென்று தெரியாமல் கல்யாணம் செய்துகொள்வது மூளை குறைந்தவர்கள் வேலை என்பார். மகளும் பதிலுக்குப் பதில் கத்துகிறவள். அடுத்த நிமிடம் அவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். கவனித்துக்கொள்வதில் இருக்கும் சலிப்பை ஒளிக்காமல், அதற்காக யாரையும் குற்றவாளியாக்காமல் காட்டிய இந்தியப் படங்கள் மிகக் குறைவு. மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் இந்தப் படத்தில் ஒரு பங்கு உண்டு என்பதைப் பார்க்கும்போதே உணர்வீர்கள். ஷூஜித் சர்க்கார் இயக்க, ஜூஹி சதுர்வேதி எழுதிய படம் இது. அமிதாப் பச்சனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும், எழுதியவருக்குத் திரைக்கதைக்கும் வசனத்துக்குமான தேசிய விருதுகளையும் பெற்றுத் தந்தது.

நெளிய வைக்கும் இடமே இல்லையா என்றால், இருக்கிறது, முன்னதாகவே தெரிந்துகொள்ளுங்கள். படத்தின் முன்பகுதியில், மகளிடம் ஆர்வம் காட்டும் ஓர் ஆணிடம் அவளுடைய அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி அப்பா சபையிலேயே போட்டு உடைக்கும் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. மணமாகாத அவளுக்கு ஓர் ஆண் நண்பரோடு இருக்கும் உறவைப் பற்றிய பேச்சும் ஆங்காங்கே அடிபடும். மது அருந்தும் காட்சியும் உண்டு. கண்ணுக்கு உறுத்தலாகக் காட்டப்படுவது எதுவுமில்லை; எல்லாம் பேச்சோடு சரி. எட்டு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பேச்சு இந்தியில் வந்து போவதே தெரியாது. மகனுக்குத் தெரியும்; தெரிந்தாலும் அவன் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டான், நீங்களும் அவன் முகத்தைப் பார்க்காதிருந்தால். அந்தக் காட்சியில் பதறிப்போய் ரிமோட்டைத் தேடுவதுதான், ஒன்றுமில்லாததை ஏதோவாக்கிவிடும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. படத்தின் முடிவில் பாஸ்கோர் இறந்துவிடுகிறார். கொல்கத்தா போய்ச் சேர்ந்த பிறகு, யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரத்தைத் தனியாகச் சுற்றி, தெருவோரத்தில் விலக்கப்பட்ட பலகாரத்தையெல்லாம் ஆசை தீரத் தின்றுவிட்டு, வீடு திரும்பி மகளிடம் நன்றாகத் திட்டு வாங்கிக்கொள்வார். பல காலமாக அவரை வதைத்த வயிறும் நல்லபடியாக இறங்கிவிடும். அதன்பின் தூக்கத்திலேயே போய்விடுவார். சற்று முன் நான் குறைசொன்ன படங்களில் பெரியவர் வழியில் இறந்து மற்றவர்களுக்குத் தடையாகிறார். இவரோ போக நினைத்த இடத்துக்குப் போய், தின்ன நினைத்ததைத் தின்றுவிட்டு, பிறந்த வீட்டில் தன் கட்டிலில் இறக்கிறார். 72 வயதுக்காரருக்கு மரணம் புதிய செய்தி அல்ல. அப்படிப்பட்ட சாவு வாய்க்க வேண்டுமே என்று கோயிலில் வேண்டிக்கொள்ளும் தலைமுறை அவர்களுடையது. ஆனாலும் அவர் அதிராமல் இருக்க, 'கடைசியில் அந்தப் பெரியவர் தவறிவிடுவார் அத்தை, ஆனால் நல்ல சாவு' என்று படம் தொடங்கும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முடிவு தெரிந்துவிட்டால் சுவை குறைந்துவிடும் வகைப் படமல்ல இது.

மொழி ஒரு தடையாகுமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. உங்கள் வீட்டில் அது பெரிய தடையாகாது. வீட்டில் தமிழும், கடைத்தெருவில் மலையாளமும், பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலிருந்து இந்தியும் என்று வளர்ந்த பிள்ளை ஒருவன் இருக்கிறான். அத்தைக்குப் பக்கத்தில் அவனை உட்கார வையுங்கள். மௌனப் படக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்கு அருகே ஓர் ஆள் நின்று கதையைச் சொல்லிக்கொண்டே போவார். ஜனங்கள் படத்தையும் பார்த்து அவரையும் ரசிப்பார்கள். அந்த வேலையை உங்கள் மகனிடம் ஒப்படையுங்கள். வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம், சண்டை எதைப் பற்றி என்று சொன்னால் போதும் என்று மட்டும் சொல்லிவையுங்கள். பாஸ்கோரின் புலம்பல் எந்த மொழியிலும் புரியும். தான் சொன்ன படம் தள்ளிப்போனதில் அவனுக்கு இருக்கும் வருத்தமும் இதில் ஓரளவு தீரும். அப்பத்தாவுக்குக் கதை சொல்லிப் பழகினால், வேனிலும் அவனுக்கு அவரோடு பேச ஒரு பொருள் கிடைக்கும்.

கணவர் கேட்கும் பழைய தமிழ்ப் படத்துக்கும் வழி இருக்கிறது. 1966-இல் திருமலை, மகாலிங்கம் என்ற இருவர் சேர்ந்து இயக்கிய 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி', ஒரு பேருந்துக்குள்ளேயே பெரும்பகுதி ஓடும் நகைச்சுவைப் படம். ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ் நடித்தது. வீட்டை விட்டு வந்து சிக்கலில் மாட்டிக்கொண்ட பெண் ஒருத்தி பாண்டிச்சேரி பேருந்தில் ஏற, துரத்துகிறவர்கள் பின்னால் வர, இடையில் விதவிதமான பயணிகள் தத்தம் கூத்தை நடத்துகிறார்கள். பக்கோடாவுக்காக அலையும் பையனாக இதில் நடித்தவர்தான் கடைசி வரை பக்கோடா காதர் என்றே அறியப்பட்டார். இதே கதை 1972-இல் 'பாம்பே டு கோவா' என்று இந்திக்கும் போயிற்று. குடும்பப் பயணம் என்று இதைச் சொல்ல முடியாது. அத்தைக்கு இளமை நினைவு வரும், உங்கள் மகள் பக்கோடாவுக்குச் சிரிப்பாள், மகன் பாதியில் செல்பேசியை எடுத்துவிடுவான். வேறொரு நாள் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். அதைவிட, 2014-இல் அருண்குமார் இயக்கிய 'பண்ணையாரும் பத்மினியும்' உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. ஜெயப்பிரகாஷும் துளசியும் நடித்த அந்த வயதான தம்பதியின் ஆசை மிகச் சிறியது: கல்யாண நாளன்று, அந்தப் பழைய பத்மினி காரைக் கணவரே ஓட்ட, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கோயிலுக்குப் போக வேண்டும். நீண்ட பயணம் எதுவும் இல்லை. ஒரு கார் வீட்டு மனிதராகிவிடும் கதை. முகம் சுளிக்க ஒரு காட்சியும் கிடையாது. இந்தி வேண்டவே வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டால், 'பிக்கு'வுக்குப் பதிலாக இதைத் தேர்ந்தெடுங்கள்.

மகளுக்கென்று ஒரு படம் கேட்டால், 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'தி மிட்செல்ஸ் வெர்சஸ் தி மெஷின்ஸ்' என்ற அனிமேஷன் படத்தைச் சொல்வேன். கல்லூரிக்குப் போகும் மகளின் விமானச் சீட்டை ரத்து செய்துவிட்டு, குடும்பமாகக் காரில் கொண்டுபோய் விடலாம் என்று கிளம்பும் அப்பா, வழியில் உலகத்து ரோபோக்கள் எல்லாம் மனிதர்களைப் பிடிக்கத் தொடங்கும் நேரத்தில் மாட்டிக்கொள்கிறார். அவர்கள் வீட்டு நாய் நாயா, பன்றியா, ரொட்டித் துண்டா என்று முடிவு செய்ய முடியாமல் ரோபோக்கள் குழம்பிச் செயலற்றுப் போகும் இடம் ஒன்றே போதும். ஆனால் ஓட்டம் மிக வேகம், அத்தைக்குத் தலைசுற்றும். பிள்ளைகள் இருவரும் பார்க்கட்டும்.

எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கென்றே எடுத்ததுபோல ஒரு படம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, மம்மூட்டி நடித்த 'நண்பகல் நேரத்து மயக்கம்'. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுக் கேரளம் திரும்பும் ஒரு குழுவின் பேருந்தில், தமிழ்நாட்டுச் சாப்பாடும் பிடிக்காமல் பாட்டும் பிடிக்காமல் முனகிக்கொண்டே வரும் ஜேம்ஸ், மதியத் தூக்கத்திலிருந்து விழித்து, வயல்வெளி நடுவே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் சொந்த வீட்டுக்குப் போவதுபோல் நடந்துபோய், அங்கிருந்து காணாமல் போன சுந்தரமாகவே ஆகிவிடுகிறார். பேருந்துக்காரர்கள் திகைத்து நிற்க, ஊர்க்காரர்கள் கொதித்து நிற்க, பார்வையற்ற கிழவி ஒருவர் மட்டும் தொலைக்காட்சியில் ஓடும் பழைய தமிழ்ப் படத்தைக் கேட்டபடியே, மகன் வந்துவிட்டான் என்று இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பார். பாதி மலையாளம், பாதி தமிழ். உங்கள் வீட்டில் துணைத்தலைப்பே வேண்டாம். பரம்பிக்குளம் போக வேண்டுமானால் நம் மாவட்டத்திலிருந்து நம் மாவட்டத்துக்கே தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகச் சுற்றிப் போகிறவர்கள் நாம். அந்தப் படத்தின் திகைப்பு நமக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவும், சிரிப்பு கொஞ்சம் அதிகமாகவும் வரும். ஆனால் இது மெதுவாக நகரும் படம். சிரிப்பும் அடங்கியே வரும். மகள் தூங்கிய பிறகு நீங்கள் பெரியவர்கள் மட்டும் பாருங்கள்.

'பிக்கு' பார்க்கும் நாளைப் பற்றி ஓரிரு நடைமுறைக் குறிப்புகள். படம் இரண்டு மணி நேரம் போல் ஓடும். ஓணத்தன்று சத்ய விருந்து உண்டுவிட்டு உட்கார்ந்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மாலைக் காப்பிக்குப் பிறகு தொடங்குங்கள். அத்தையைக் கீழே உட்கார வைக்காமல் நாற்காலியிலேயே உட்கார வையுங்கள். நடுவில் அவர் எழுந்துபோக வேண்டியிருந்தால் கேட்காமலே படத்தை நிறுத்துங்கள், யாரும் பெருமூச்சு விட வேண்டாம். கார் மேல் நாற்காலி வரும்போது தயவுசெய்து அவர் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். 'பார்த்தீர்களா அம்மா, அவரே போகும்போது...' என்ற வாக்கியத்தை உங்கள் கணவர் தொடங்குவார் என்று நினைக்கிறேன். முன்னதாகவே அவரிடம் சொல்லித் தடுத்துவிடுங்கள். தனக்குப் பாடம் நடத்தத்தான் படம் போட்டார்கள் என்று ஒரு முறை தோன்றிவிட்டால், அவர் சிரித்த சிரிப்பையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்வார்.

ராமேசுவரம் பேச்சை அன்று நீங்களாக எடுக்க வேண்டாம். மடக்கிக் கொண்டுபோகும் கழிப்பறை நாற்காலி மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கிறது என்பதைக் கணவர் விசாரித்து மட்டும் வைத்திருக்கட்டும். இரண்டொரு நாளில் அத்தையே அந்த வங்காளிப் பெரியவரைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்கத் தொடங்கினால், அப்போது வரைபடத்தை அவர் கையில் கொடுத்து, பொள்ளாச்சி, உடுமலை தாண்டிப் பழனியில் முதல் இரவு தங்குவதா, நேராக மதுரைக்கே போய்விடுவதா என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அவர் பழனி என்றால், மேல்நாட்டுக் கழிப்பறை உள்ள அறையாகப் பார்த்து அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். விடுமுறைக் கூட்டத்தில் கடைசி நேரத்தில் அது கிடைப்பது அரிது.